மின்கலம் காத்த கந்தோர்

சுதாஜினி வேலைக்குச் சேர்ந்த அன்று காலைதான் கந்தோரின் மடிக்கணினி வயிறு ஊதிச் செத்திருந்தது. விசைப்பலகை நடுவில் மேடுதட்டி, மூடி ஒழுங்காக மூடாமல், எண்ணெயில் பொங்கிய பூரி மாதிரி அது மேசையில் கிடந்தது. வாங்கி வைத்த நாள் தொடக்கம் அதன் பிளக்கை ஒருவரும் கழற்றியதில்லை. யன்னலோரத்து வெயில், ஓயாத மின்சாரம், எந்நேரமும் நூறு வீதம். உள்ளே இருந்த மின்கலம் பொறுக்கும் மட்டும் பொறுத்துப் பார்த்து, பிறகு வீங்கிவிட்டது.

"புது ஆள் வந்த ராசி" என்றார் பிரதம இலிகிதர் பிரசாந்தன்.

சுதாஜினி ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. பட்டம் முடித்து, வேலை கேட்டுத் தெருவோரப் பந்தலில் குந்தியிருந்து, கடைசியில் கிடைத்த நியமனம் இது. நிரந்தரமாகும் வரைக்கும் வாயைத் திறக்காதே என்று தாய் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே அவள் வாயைத் திறக்கவில்லை.

பாலையடிக்குளம் நீர்மட்ட முன்னறிவிப்பு நிலையம் குளக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் இருந்தது. அங்கே அவளுக்கு இருந்த வேலை லேசானது. காலையில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து வந்து மடிக்கணினியில் பதிய வேண்டும். குளம் நிரம்பி வழிந்து வான் பாயப்போகிறது என்றால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கீழே வாய்க்கால்கரைக் கிராமத்தில் இருக்கிற எல்லார் கைபேசிக்கும் செய்தி போய்விடும். அதற்காகத்தான் அந்த நிலையம். ஆனால் அதற்காகத்தான் அந்த நிலையம் என்பதை அங்கே யாரும் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதில்லை.

பிரதிப் பணிப்பாளர் கனகலிங்கம் நல்ல மனுசன். காலையில் எல்லாரிடமும் சாப்பிட்டாச்சோ என்று கேட்பார். ஓய்வு பெறும் காலம் கிட்டியிருந்தது. இந்த நேரம் பார்த்து, செத்த மின்கலத்தைப் பற்றி ஓடிற் எனப்படுகிற கணக்காய்வுக்காரர் கேள்வி அனுப்பினார்கள். "குறித்த மின்கலம் அதன் ஆயுட்காலம் நிறைவடைய முன்னர் உயிரிழந்தமைக்குப் பொறுப்பானவர் யார்?" கனகலிங்கம் பதில் எழுதினார். பதிலுக்கு மேல் கேள்வி வந்தது. அதற்கும் பதில் எழுதினார். பென்சன் கோப்பு அசையாமல் கிடந்தது. மனுசனுக்கு நித்திரை போனது. புது மடிக்கணினி வருகிறது என்று அறிந்ததும், வீட்டுக்குக் கைக்குழந்தை வரப்போகிறது என்பது போல முகம் வெளிறிவிட்டார்.

புதியதைக் கொண்டுவந்து பூட்டியவன் கிளிநொச்சி நகரத்தில் கடை வைத்திருக்கும் நிறோஜன். பழையதில் இருந்த தொலைபேசி இலக்கங்களை எல்லாம் புதியதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

"ஐயா, நீங்கள் கூடுதலா கரண்டிலதானே பாவிக்கிறியள்? அப்ப எந்நேரமும் நூறில வச்சிருக்காதேங்கோ. எண்பதோட நிப்பாட்டுற மாதிரி உள்ளுக்கை ஒரு செற்றிங் இருக்கு. அதைப் போட்டுவிட்டால் பிளக் பாட்டில கிடக்கலாம். சூடாக விடாதேங்கோ. இடைக்கிடை பற்றரியிலயும் கொஞ்சம் ஓட விடுங்கோ. அவ்வளவுதான்."

"இது எதில எழுதிக் கிடக்குது?" என்று கேட்டார் கனகலிங்கம்.

"எழுத என்ன இருக்கு? நான் வாயால சொல்லுறன்."

"வாயால கந்தோர் நடத்தேலாது, தம்பி."

நிறோஜன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். அன்று பின்னேரமே கனகலிங்கத்தின் முதலாவது சுற்றறிக்கை வந்தது.

அந்தச் செற்றிங்கைப் போடுவதற்குக் கடவுச்சொல் தேவைப்பட்டது. கடவுச்சொல் கொழும்புத் தலைமையகத்தில் இருந்தது. அதைக் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். பதில் வரும்வரை எண்பது வீதத்தில் பிளக்கைக் கையால் கழற்றுவது, நாற்பதில் மீண்டும் சொருகுவது என்று தீர்மானமானது. சுதாஜினிக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. எண்பது காட்டியதும் குனிந்து பிளக்கை இழுத்தாள்.

"பிள்ளை! என்ன செய்யிறீர்?" என்று பிரசாந்தன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"எண்பது வந்திட்டுது சேர்."

"வந்தால்? லப்டொப் தொழில்நுட்பப் பிரிவின்ர. சுவரில இருக்கிற பிளக் பொயின்ற் நிர்வாகப் பிரிவின்ர. நீர் எப்பிடி எங்கட சுவரில கை வைக்கலாம்?"

அதன் பிறகு அவள் எண்பது என்று சொல்ல வேண்டும். பிரசாந்தன் அதைக் கண்ணால் கண்டு உறுதிப்படுத்த வேண்டும். அலுவலக உதவியாளர் வீரையா வந்து கழற்ற வேண்டும். வீரையா கடைக்குப் போயிருந்தால் மின்கலம் எண்பத்தைந்து, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போகும். சுதாஜினியும் பிரசாந்தனும் கனகலிங்கமும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் தொண்ணூற்றெட்டில் வீரையா வெற்றிலைப் பையோடு வந்து இறங்கியபோது, கனகலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

அடுத்தது சூடு. கந்தோரில் இருந்த ஒரேயொரு மேசைக் காற்றாடி மடிக்கணினியின் பக்கம் திருப்பப்பட்டது. அது போதாதென்று மடிக்கணினியைக் கனகலிங்கத்தின் குளிரூட்டிய அறைக்கு மாற்றினார்கள். பிறகு யாரோ ஒருவர் மனிச உடம்பும் சூடுதானே என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டார். கனகலிங்கம் யோசித்தார். அடுத்த நாள் தன் மேசையைத் தூக்கி வெளி விறாந்தையில் போட்டுக்கொண்டு, துவாயால் விசிறியபடி கையெழுத்து வைத்தார். உள்ளே, குளிர் அறையில், மடிக்கணினி தனியே இருந்தது.

"சேர், நான் நீர்மட்டம் பதியோணுமே" என்றாள் சுதாஜினி.

"பதியும் பிள்ளை. ஆனால் கனக்கத் தட்டாதையும். தட்டத் தட்டச் சூடு."

அவள் ஒருநாளைக்கு ஒரு எண்ணைத் தட்டினாள். தட்டிவிட்டு வெளியே வந்து மிச்ச நேரம் முழுவதும் மற்றவர்களோடு விறாந்தையில் வியர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தாய் கேட்டாள், வேலை எப்பிடி என்று. "பற்றரியைப் பாக்கிற வேலை" என்றாள். தாய் ஏதோ பெரிய பொறுப்பு என்று நினைத்துச் சந்தோசப்பட்டாள்.

புரட்டாதி மாதம் மின்கலப் பாதுகாப்பு வாரம் வந்தது. அதைப் போல ஒரு வாரம் வேறு எந்த நிலையத்திலும் கொண்டாடப்படவில்லை என்பதால் மாகாணத்தில் இருந்து ஒரு பெரியவர் பிரதம விருந்தினராக வந்தார். மங்கள விளக்கு ஏற்றவில்லை, சூடு என்று. வீரையா ஒரு ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, பெரியவர் அதன் ஆளியை அமுக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கனகலிங்கம் பேசினார். எழுதி வைத்துப் பேசியதால் நல்ல தமிழில் பேசினார்.

"மழை வரும், போகும். குளம் நிரம்பும், வற்றும். விவசாயிகள் வருவார்கள், அலுவல் முடியாமல் போவார்கள், மீண்டும் வருவார்கள். ஆனால் ஓர் அலுவலகத்துக்கு மின்கலம் ஒருமுறைதான் வருகிறது. இதைப் பாவித்து அழிப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் பெருமையோடு சொல்கிறேன். கடந்த ஆறு மாதத்தில் இந்தக் கணினியால் ஒரு வேலையும் நடக்கவில்லை. அதனால் அதற்கு ஒரு தேய்மானமும் இல்லை."

பெரியவர் அதற்கு மேலே போனார். "நான் பல அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் கணினியின் எழுத்துகள் தேய்ந்து, மூடியில் கீறல் விழுந்து, பார்க்கவே கவலையாக இருக்கும். ஏனென்று கேட்டால், பொதுமக்கள் சேவை என்று காரணம் சொல்வார்கள். இங்கே அப்படியான சாட்டுகள் இல்லை."

சுதாஜினி கடைசி வரிசையில் இருந்து கைதட்டினாள். மற்றவர்கள் தட்டும்போது சும்மா இருந்தால் கண்ணில் படும் என்று தட்டினாள்.

வாரத்தின் முடிவில் மூன்று பேர் கொண்ட மின்கலப் பாதுகாப்புக் குழு கூடியது. கரண்டில்தானே ஓடுகிறது, பிறகெதற்கு மின்கலம் உள்ளே இருந்து அல்லற்பட வேண்டும் என்று பிரசாந்தன் கேட்டார். அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. கழற்றி அலுமாரியில் பத்திரமாக வைப்பது என்று முடிவாகியது. எந்த அளவில் வைப்பது என்பதில்தான் விவாதம். கனகலிங்கம் விரல் மடித்துக் கணக்குச் சொன்னார்.

"நூறு கூடாது. எண்பது நல்லது. நாற்பது அதைவிட நல்லது. அப்ப பூச்சியம் எவ்வளவு நல்லதா இருக்கும்?"

மடிக்கணினியை அணையும்வரை ஓடவிட்டு, நிறோஜனைக் கூப்பிட்டுக் கழற்றுவித்தார்கள். அவன் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய்ப் பார்த்தான்.

"ஐயா, வெறுமையா வச்சால் செத்துப்போம். வைக்கிறதெண்டால் அரைவாசியாவது ஏத்திப்போட்டு வையுங்கோ. இடைக்கிடை எடுத்துப் பாக்கவும் வேணும். அதோட இது இல்லாமல் கரண்ட் நிண்டால் மிசினும் நிண்டுபோம்."

"கரண்ட் நிக்கிறது மின்சார சபையின்ர விசயம்" என்றார் பிரசாந்தன். "எங்களுக்கு அதில அதிகாரம் இல்லை."

அவனுடைய ஆலோசனை பெறப்பட்டதாகக் குறிப்பில் எழுதப்பட்டது. மின்கலம் வெல்வெட் துணியில் சுற்றப்பட்டு அலுமாரிக்குள் போனது. குழுவில் மூன்று பேரும் கையொப்பமிட்டால்தான் திறக்கலாம் என்று பூட்டுக்கு மேல் அரக்கு முத்திரை வைத்தார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விடாமல் அடித்தது. மேல்காட்டுத் தண்ணீர் எல்லாம் செம்மண் நிறத்தில் குளத்துக்குள் இறங்கியது. அன்று காலை சுதாஜினி குடையும் காற்றுமாகக் குளக்கட்டில் ஏறிப் பார்த்தாள். வான் மட்டத்துக்கு இன்னும் ஒரு சாண் கூட இல்லை. கீழே வாய்க்கால்கரையின் கூரைகள் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு வீட்டுக் குசினியில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது. யாரோ சமைக்கிறார்கள்.

ஓடிவந்து குளிர் அறைக்குள் போய் மடிக்கணினியைத் திறந்தாள். 'குளம் வான் பாயவுள்ளது. உடனடியாக மேட்டுநிலத்துக்குச் செல்லவும்' என்று தட்டினாள். அனுப்பும் பொத்தானுக்கு விரல் போகும்போது எங்கோ ஒரு மரம் முறிந்து கம்பியில் விழுந்தது. விளக்கு அணைந்தது. குளிரூட்டி நின்றது. மடிக்கணினி கறுத்துப்போனது.

கிராமத்தின் இலக்கங்கள் எல்லாம் அந்தக் கறுப்புக்குள் இருந்தன. தன் கைபேசியை எடுத்தாள். அந்த மேட்டில் அதற்கு ஒரு கோடும் விழாது; கூரை அன்ரனா மடிக்கணினிக்கு மட்டும்தான்.

"சேர், பற்றரியைத் தாங்கோ. ஒரு செய்தி அனுப்புற அளவுக்குச் சார்ஜ் மிஞ்சிக் கிடந்தாலும் போதும்" என்று விறாந்தைக்கு ஓடினாள்.

கனகலிங்கம் தூவானத்துக்கு ஒதுங்கிச் சுவரோடு சாய்ந்து நின்றார். "என்ன பிள்ளை, பகிடியே? மூண்டு பேர் கையெழுத்து வைக்கோணும். ஒராள் வவுனியாவில, மின்கலப் பாதுகாப்புப் பயிற்சியில நிக்கிறார்."

"சேர், வான் பாயப்போகுது. கீழ சனம் இருக்குது."

"எனக்கு விளங்குது. ஆனால் இந்த ஈரத்தில வெளிய எடுத்து அதுக்கு ஒண்டு நடந்தால்?"

"சனத்துக்கு ஒண்டு நடந்தால்?"

கனகலிங்கம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; உலகம் தெரியாத பிள்ளைக்கு உலகத்தைச் சொல்லிக் கொடுக்கிற குரலில்தான் சொன்னார்.

"சனத்துக்கு ஓடிற் இல்லை, பிள்ளை. பற்றரிக்குத்தான் ஓடிற்."

சுதாஜினிக்குத் தாய் சொல்லியனுப்பியது நினைவுக்கு வந்தது. நிரந்தர நியமனம் நினைவுக்கு வந்தது. அந்தக் குசினிப் புகையும் நினைவுக்கு வந்தது. மழைக் கோட்டைக் கூடப் போடாமல் ஸ்கூட்டியை உதைத்தாள்.

"அனுமதி எடுக்காமல் எங்க போறீர்?" என்று பிரசாந்தன் பின்னால் கத்தியது மழையில் பாதிதான் கேட்டது.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரு மோட்டார் சைக்கிள் நனைந்தபடி நின்றது. பின்னால் மீன் பெட்டி; முன்னால் கைபிடியில் கட்டிய ஒலிபெருக்கி. முல்லைத்தீவுக் கரையில் இருந்து இந்தப் பக்கம் மீன் கொண்டு வருகிற இன்னாசித்தம்பியின் மோட்டார் சைக்கிள் அது. கடல் கொந்தளிப்பதால் களப்பு இறாலோடு வந்தவர், மழைக்கு ஒதுங்கி வாய்ப்பன் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணை, உங்கட ஸ்பீக்கர் வேலை செய்யுமோ? பற்றரியில சார்ஜ் இருக்கோ?"

"இருக்கும் பிள்ளை. நான் ஒருநாளும் பாத்ததில்லை. சைக்கிள் ஓடுது, அது கத்துது. ஏன்?"

ஏன் என்று சொன்னாள். இன்னாசித்தம்பி மிச்ச வாய்ப்பனை அப்படியே தட்டில் போட்டுவிட்டு எழும்பினார்.

வாய்க்கால்கரை ஒழுங்கைகளில் முன்னால் இன்னாசித்தம்பி ஓட்ட, பின்னால் மீன் பெட்டியில் ஏறி இருந்துகொண்டு சுதாஜினி ஒலிவாங்கியில் கத்தினாள். "நீர்மட்ட முன்னறிவிப்பு நிலையத்தில் இருந்து அறிவிக்கிறம். குளம் வான் பாயப்போகுது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ!" மழைச் சத்தத்தில் குரல் உடைந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. அப்படி ஒரு நிலையம் இருப்பதே அங்கே அநேகருக்குத் தெரியாது. ஒரு வீட்டு யன்னலில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, தேர்தல் வருகுது போல என்று உள்ளே சொல்லிவிட்டு மூடினார்.

"இது சரிவராது பிள்ளை. விடும்" என்று இன்னாசித்தம்பி தன் பொத்தானை அமுக்கினார். ஒலிப்பதிவு செய்து வைத்த குரல் ஊர் அதிர எழும்பியது. "இறால்... இறால்... களப்பு இறால்... துடிக்கத் துடிக்க இறால்..."

கதவுகள் திறந்தன. சாக்கைத் தலையில் போட்டபடி, குடை பிடித்தபடி, சட்டியும் கையுமாகச் சனம் ஒழுங்கைக்கு வந்தது. மழையில் இறால் வந்திருக்கிறது என்றால் மலிவாக இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

முதலில் வந்தவள் அன்னபாக்கியம். இரண்டு மாடும் ஒரு வயலும் உள்ள, குரல் பெரிய மனுசி. "எங்க இறால்?" என்று சட்டியை நீட்டினாள்.

"இறால் இருக்குது அக்கா. வான் பாயப்போகுது. முதல்ல மாட்டை அவிட்டுவிடுங்கோ" என்றார் இன்னாசித்தம்பி.

"ஆர் சொன்னது?"

"குளத்துக் கந்தோர்ப் பிள்ளை. கண்ணால பாத்திட்டு வந்து நிக்குது."

அன்னபாக்கியம் மீன் பெட்டியில் தொப்பலாக நனைந்து இருந்த சுதாஜினியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பிச் சத்தம் போட்டாள். "எடியே, இந்த மனுசன் இறாலில பொய் சொல்லும். தண்ணியில பொய் சொல்லாது. வெளிக்கிடுங்கோ!"

இருட்டுவதற்குள் ஊர் பள்ளிக்கூடத்தில் இருந்தது. இருட்டியதும் குளம் வான் பாய்ந்தது. வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். கோழிகள் போயின, ஒரு தண்ணீர்ப் பம்பி போனது, வயல் படுத்தது. ஒரு உயிரும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பெரிய பானையில் இறால் சொதி கொதித்தது.

மறுநாள் சுதாஜினி கந்தோருக்கு வந்தபோது கனகலிங்கம் சிவந்த கண்ணோடு இருந்தார். இரவு முழுவதும் அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். அவளுடைய மேசையில் விளக்கம் கோரும் கடிதம் இருந்தது. அங்கீகரிக்கப்படாத மின்கலத்தின் மூலம் அரச அறிவித்தலை வெளியிட்டமை. அவ்வறிவித்தலை இறாலுடன் கலந்தமை. நிரந்தர நியமனம் பற்றி விசாரணைக்குப் பிறகு பார்க்கலாம் என்று கீழே இருந்தது. கொழும்பில் இருந்து விசாரணைக் குழு வருகிறது, மின்கலத்தையும் பார்வையிடும் என்றும் இருந்தது.

அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. இறால் சொதிதான் நினைவுக்கு வந்தது.

விசாரணைக் குழு வருகிற அன்று காலை, காட்டுவதற்கு ஆயத்தமாக மூன்று கையொப்பமும் வைத்து முத்திரையை உடைத்து மின்கலத்தை எடுத்தார்கள். நிறோஜன் பூட்டினான். ஒன்றும் இல்லை. கரண்டைக் கொடுத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

"செத்துப்போச்சு ஐயா."

"எப்பிடிச் சாகும்? ஒருநாளும் பாவிக்கேல்லையே!"

"அதாலதான்."

கனகலிங்கம் கதிரையைத் தடவிப் பிடித்து இருந்தார். பென்சன் கோப்பு அவர் கண்ணுக்கு முன்னால் கொழும்புக்குத் திரும்பிப் போனது. பிரசாந்தன் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். மெதுவாக மனுசனின் முகத்தில் இரத்தம் ஊறியது.

"பிள்ளை, இங்க வாரும். வெள்ளத்தில போன சாமானுக்கு ஓடிற் கேக்கிறேல்லை. இயற்கை அனர்த்தம். வெள்ளம் எங்கட கந்தோருக்குள்ள வந்து அலுமாரியை மூடினதெண்டு நீர் ஒரு அறிக்கை தாரும். நீர்தானே நீர்மட்டத்துக்குப் பொறுப்பு. அந்த விளக்கக் கடிதத்தை நாங்கள் மறந்திடுவம்."

"சேர், நாங்கள் மேட்டில இருக்கிறம். இங்க ஒரு சொட்டும் வரேல்லை."

"ஓம். அதாலதான் உம்மட்டைக் கேக்கிறன்."

சுதாஜினியின் வாய் தானாகத் திறந்தது. "வராத வெள்ளத்தை நான் எழுதமாட்டன் சேர். வந்தால் எழுதுறன்."

கனகலிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. அவர் பொய்யை விரும்பாதவர். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று நினைப்பவர்.

"பிள்ளை சொல்லுறது நியாயம்" என்றார். "வீரையா, கிணத்தடியில வாளி எத்தினை கிடக்குது?"

கொஞ்ச நேரத்தில் கந்தோர் முழுவதும் கிணற்றடியில் நின்றது. பிரசாந்தன் நீளக் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அள்ளினார். வீரையா காவினார். கனகலிங்கம் வாசலில் நின்று, அலுமாரிப் பக்கம், அலுமாரிப் பக்கம் என்று வழிகாட்டிவிட்டு, பிறகு பொறுக்க முடியாமல் தானும் ஒரு வாளியைத் தூக்கினார். இத்தனை காலத்தில் கந்தோரில் இவ்வளவு சுறுசுறுப்பைச் சுதாஜினி கண்டதில்லை. வாசலில் மண் சாக்கை அடுக்கித் தண்ணீர் வெளியே போகாமல் மறித்தார்கள். வெள்ளம் கணுக்காலுக்கு வந்தது.

அவள் விறாந்தையில் இருந்து எழுதினாள். 'இன்று காலை அலுவலகத்தினுள் நீர் புகுந்தது. அதனைப் பிரதிப் பணிப்பாளரும் பிரதம இலிகிதரும் அலுவலக உதவியாளரும் கிணற்றிலிருந்து வாளியில் கொண்டுவந்தனர்.' கையொப்பம் வைத்தாள். வைத்ததும் மனது லேசாகிவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று முதல்தடவையாக நினைத்தாள்.

அந்த நேரம்தான் பள்ளிக்கூடத்தில் இருந்த வாய்க்கால்கரைச் சனம் வெள்ளம் வற்றியதென்று வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கையில் வாளி, கூட்டுகிற தும்புத்தடி, மண்வெட்டி. மேட்டைக் கடக்கும்போது அன்னபாக்கியம் நின்றாள். கந்தோருக்குள் தண்ணீர், உத்தியோகத்தர்கள் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வாளியோடு ஓடுகிறார்கள்.

"ஐயோ, பாவங்கள்!" என்றாள். "எடியே, கந்தோருக்கும் வெள்ளமடி! வாங்கோ, ஓடி வாங்கோ!"

ஊர் மேட்டில் ஏறியது. யாரும் தடுக்கும் முன்னர் மண் சாக்குகளைப் புரட்டினார்கள். பிரசாந்தன் ஒரு வாளியை உள்ளே ஊற்ற, நாலு வாளி வெளியே போனது. "வேண்டாம், வேண்டாம், நாங்கள் பாப்பம்" என்று அவர் கத்தினார். "நீங்கள் எங்களுக்காகப் பாடுபடுற ஆக்கள், சும்மா இருங்கோ" என்று ஒருவர் அவரைத் தோளில் தட்டி ஒரு பக்கம் இருத்தினார். தும்புத்தடிகள் ஓடின. மேசைகளைத் துடைத்தார்கள். அலுமாரியை வெயிலில் தூக்கி வைத்துக் காயவிட்டார்கள். தரை முன்னர் ஒருநாளும் இல்லாத மாதிரி மினுங்கியது.

விசாரணைக் குழுவின் வாகனம் வந்து நின்றது. இறங்கிய அம்மையார் நிறைந்த கூட்டத்தையும், முழங்கால்வரை சேறோடு நின்ற பிரதிப் பணிப்பாளரையும் பார்த்தார். சுதாஜினி தன் அறிக்கையை அவரிடம் நீட்டினாள். அம்மையார் முதலாவது வசனத்தை வாசித்தார். நிறுத்தி, இரண்டாவதை வாசித்தார். மீண்டும் முதலாவதை வாசித்தார். பிறகு கடதாசியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நடந்தார். அங்கிருந்து வாசல் வரைக்கும் வாளி சிந்திய ஈரக்கோடு நேராக வந்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கனகலிங்கம் வெறும் வாளியோடு படியில் நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அன்னபாக்கியம் அவர் கையில் இருந்த வாளியை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தாள். தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"முகத்தைத் துடையுங்கோ ஐயா. ஏன் ஐயா, வெள்ளம் வரப்போகுதெண்டு உங்களுக்கு ஒருத்தரும் முன்னுக்குச் சொல்லேல்லையோ?"

அவர் துவாயை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார்.

"யோசிக்காதேங்கோ" என்றாள் அன்னபாக்கியம். "அடுத்தமுறை நாங்கள் வந்து சொல்லுறம்."